இருபது புள்ளி ஒன்று

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "உக்காந்திருக்கற வேலை" என்பாள் வாசலக்கா. கேட்டவர் சிரிப்பார். "குடுத்து வச்சவங்க" என்பார். "ஆமா, எழுந்து உள்ள போனாத்தான் வேலை போயிடும்" என்பாள் அவள். அதற்கும் சிரிப்பார்கள். ஆனால் அவளிடம் கொடுத்திருக்கும் விதித்தாளில் முதல் வரியே அதுதான்: காவலிருப்பவர் எந்தக் காரணத்தைக் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது.

காவல் ஒரு சுரங்கத்துக்கு. மூன்று மாடி உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் மரச்சில்லு மலைக்கு அடியில், பதினான்கு படி இறங்கினால் வரும் நீண்ட சிமெண்ட் பாதை. அதற்குள் ஓடும் பெல்ட், சில்லுகளை அள்ளிக்கொண்டு போய் பாய்லருக்குக் கொடுக்கிறது. ஈரச் சில்லு வந்தால் பெல்ட்டுக்கு மேலே இருக்கும் புனலில் அப்பிக்கொள்ளும். சிந்தியது அடி உருளையில் சிக்கிக்கொள்ளும். இரண்டு பேர் கம்பியும் மண்வெட்டியுமாக இறங்கிக் குத்திவிட வேண்டும். இறங்குமுன் ஆளுக்கொரு பித்தளை வில்லையை அவளிடம் கொடுப்பார்கள். அவள் பலகையில் மாட்டுவாள். ஏறி வந்தால் வில்லையைத் திருப்பிக் கொடுப்பாள். பலகை காலியாகும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. ஐந்து வருடமாக சுரங்க வாசலின் மடக்கு நாற்காலி அவளைத் தவிர யாரையும் கண்டதில்லை.

அந்த மின் நிலையத்தில் நிலக்கரி கிடையாது. மர அறுவைக் கழிவு, கிளை, பட்டை, வைக்கோல், இவைதான் எரிகின்றன. மரம் வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. எரித்தால் அது புகையாக மறுபடி வானத்துக்குப் போய்விடும். இங்கே போக விடுவதில்லை. உயரமான ஒரு கோபுரத்துக்குள் புகையைத் திரவத்தால் கழுவி, அந்த வாயுவை மட்டும் பிடித்துப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியே அனுப்பிப் பூமிக்கடியில் பாறை இடுக்கில் அடைக்கிறார்கள். மின்சாரமும் வருகிறது, வானத்தின் பாரமும் கொஞ்சம் குறைகிறது. கழிவை மட்டும் எரிக்கிறவரை இது நாணயமான காரியம். காட்டை வெட்டிக் கொண்டுவந்து எரித்தால் வெறும் ஏமாற்று. வாசலக்காவுக்கு இதெல்லாம் தெரியும். சில்லு லாரி வரும்போது முழு மரத்தின் தண்டு தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். அது அவள் வேலை இல்லை என்று யாரும் சொல்ல அவள் விட்டதில்லை.

கோபுரமும் கம்ப்ரசரும் மேட்டில் இருந்தன. அங்கே வாயுப் பிரிவு. வேலை செய்கிறவர்கள் நிரந்தரப் பணியாளர்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் தொங்கும். சில்லு மலையும் சுரங்கமும் பள்ளத்தில். அங்கே எரிபொருள் பிரிவு. ஒப்பந்தக் கூலிகள், ஒன்பது பேருக்கு ஒரே ஒரு மீட்டர், அதுவும் ஆக்சிஜனை மட்டும் அளப்பது, அளவு பத்தொன்பதரைக்கு இறங்கினால் மணி அடிப்பது. ஏன் இப்படி என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு மேற்பார்வையாளர் சொன்ன பதில்: "அது கேஸ் ஏரியா, இது மர ஏரியா." வாயுவுக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கீழே இறங்குவது ஒன்றுதான். கரியமில வாயு காற்றை விடக் கனமானது; மேட்டில் கசிந்தால் தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடி வரும். வானத்தில் அது பத்தாயிரத்துக்கு நாலு பங்கு இருப்பதைப் பற்றி உலகமே கூடிக் கவலைப்படுகிறது. படிக்குக் கீழே குனிந்து வேலை செய்கிறவன் மூக்குக்கு முன்னால் எத்தனை பங்கு என்று பார்க்க ஒரு கருவி வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள், பதினொரு வருடம். பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை கேட்டு மறந்த பாடத்தை அவள் வருடத்துக்கு நாலு பிரிவாகக் கேட்டாள். கேட்டதை நம்பும் பழக்கம் அவளுக்கு இல்லை. பாடம் முடிந்தபின் தானே ஒருமுறை செய்து பார்ப்பாள். குழாய் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றும் பாராமல் செய்து பார்ப்பாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் சாலையில். ஒரே மகள். அந்த மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

மருமகனை அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். மகளுக்கு அதில் சம்மதமில்லை. "அந்தக் குழிக்குள்ளயா?" என்றாள். "வாசல்ல நான் இருக்கேன்ல" என்றாள் அம்மா.

அன்று காலை எட்டு மணிக்கு வேலைக்கு வரும்போதே காற்று துளியும் அசையவில்லை. பனிமூட்டம் பள்ளத்தில் தேங்கிக் கிடந்தது. மேட்டிலிருந்து இறங்கும் குழாயில், ஒரு வால்வைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளையாக இருந்தது. கூட வந்த சுரங்கக் கூலி நெட்டை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, மேல ஐஸ் ஃபேக்டரி ஆரம்பிச்சுட்டாங்க போல" என்றான். அவளும் சிரித்துவிட்டு நடந்தாள்.

ஒன்பதரைக்குப் புனல் அடைத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். பாய்லருக்கு இன்னும் இருபது நிமிடத்துக்குத்தான் சில்லு இருக்கிறது. பாய்லர் சுணங்கினால் நீராவி குறையும், நீராவி குறைந்தால் கோபுரம் நிற்கும், கோபுரம் நின்றால் மேலிடத்தில் அவர் தலை உருளும்.

நெட்டையும் மருமகனும் இறங்கத் தயாரானார்கள். நெட்டைக்கு நாற்பது வயது, ஆறடிக்கு மேல். மருமகன் அவன் தோளுக்குத்தான் வருவான்.

"அத்தை, பொண்ணையும் குடுத்துட்டு குழிக்குள்ளயும் தள்றீங்க. இது எந்த ஊரு நியாயம்?" என்றான் மருமகன், வில்லையை நீட்டியபடி.

"பொண்ணைக் குடுக்கறப்ப நீ இவ்வளவு பேசலயே மாப்ள. பேசிருந்தா யோசிச்சிருப்பேன்."

"டேய், வீட்டுலயும் மாமியார், வேலைலயும் மாமியார்" என்றான் நெட்டை. "உனக்கு லீவே கிடையாதுடா."

அவள் மீட்டரைக் கயிற்றில் கட்டிப் படிக்குக் கீழே இறக்கினாள். ஒரு நிமிடம் விட்டு மேலே இழுத்துப் பார்த்தாள். இருபது புள்ளி ஒன்று.

ஐந்து வருடமாக அந்தக் கருவி இருபது புள்ளி ஒன்பது காட்டும். மழைநாளில் புள்ளி எட்டு காட்டும். புள்ளி ஒன்று காட்டி அவள் பார்த்ததில்லை.

"சார், இன்னிக்குக் கம்மியா இருக்கே."

"எவ்ளோ?"

"இருபது புள்ளி ஒண்ணு."

"லிமிட் எவ்ளோம்மா? பத்தொம்போதரை. அதுக்கு மேலதானே இருக்கு? எழுது."

"எப்பவும் ஒம்போது காட்டும் சார்."

"எப்பவும் காட்றத எல்லாம் பாத்துட்டிருந்தா பாய்லர் நின்னுடும். ஆக்சிஜன் இருக்கா இல்லையா? இருக்குல்ல? அனுமதி அட்டையில கையெழுத்துப் போடு."

அவள் போட்டாள். நெட்டை மீட்டரை இடுப்பிலும் மருமகன் வாக்கி டாக்கியைத் தோளிலும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இந்த இடத்தைத்தான் பின்னாளில் அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே கம்பி குத்தும் சத்தம் கேட்டது. அவள் மூளை மட்டும் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. குறைந்தது புள்ளி எட்டு. கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் எங்கே போயிற்று? யாரும் அதைத் தின்றுவிடவில்லை. அந்த இடத்துக்கு வேறு எதுவோ வந்து, அதைத் தள்ளியிருக்கிறது.

ஒரு பஸ்ஸில் ஐந்து பேருக்கு ஒருவர் தொப்பி போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் நீங்கள் தொப்பியை மட்டுமே எண்ணுகிறீர்கள். ஒரு தொப்பி குறைந்தால் என்ன அர்த்தம்? ஒருவர் இறங்கினார் என்றா? இல்லை. தொப்பி உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஐந்து பேர் இறங்கி, தொப்பியில்லாத, முகம் தெரியாத ஐந்து பேர் ஏறியிருக்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒன்று. அவள் மீட்டர் தொப்பியை மட்டும் எண்ணும் மீட்டர். புள்ளி எட்டை ஐந்தால் பெருக்கினால் நாலு. நூற்றுக்கு நாலு பங்கு வேறு ஏதோ வாயு உள்ளே இருக்கிறது.

எந்த வாயு என்று கேட்டுக்கொண்ட கணத்தில் காலையில் பார்த்த வெள்ளை அவள் கண்முன் வந்தது. அழுத்தி அடைத்த வாயு கசிந்தால் அந்த இடம் குளிர்ந்து உறையும். அந்தக் குழாய்க்கு அடியிலிருந்து சுரங்கம் வரை மின்கம்பி போகும் கால்வாய் ஒன்று உண்டு, மேலே பலகைக்கல் போட்டு மூடியது. மூடியிருந்தால் என்ன, வாய்க்கால் வாய்க்கால்தான்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "மாப்ள, மீட்டர் இப்ப எவ்ளோ காட்டுது?"

"பத்தொம்போது... புள்ளி எட்டுன்னு அண்ணன் சொல்றாரு அத்தை. மணி அடிக்கல." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "இன்னிக்கு என்னமோ... மாடி ஏறின மாதிரி இருக்கு."

"தலை வலிக்குதா?"

"லேசா. நீங்க பேசறதாலயா இருக்கும்."

நூற்றுக்கு நாலாக இருந்தது ஐந்தைத் தாண்டிவிட்டது. மணி அடிக்கும்வரை காத்திருந்தால் ஏழு. ஏழில் மனிதன் நின்ற இடத்தில் விழுவான். மீட்டர் நெட்டையின் இடுப்பில் இருந்தது. மருமகன் பெல்ட்டுக்கு அடியில் மண்டியிட்டு உருளையைத் தோண்டிக்கொண்டிருந்தான். தரையோரத்தில் எவ்வளவு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

அவள் விசிலை வாயில் வைத்தாள்.

"என்னம்மா பண்ற?" மேற்பார்வையாளர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "மணி அடிச்சுதா? அடிக்கலல்ல? நீ ஊதினா லைன் நிக்கும், ரிப்போர்ட் எழுதணும். ஏன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"வெளிய வந்ததுக்கு அப்புறம் சொல்றேன் சார்."

மூன்று முறை ஊதினாள். மூன்று முறை ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஏறி வந்துவிட வேண்டும். காரணத்தை வெளியே வந்து கேட்டுக்கொள்ளலாம்.

நெட்டை வந்தான். நடந்து வரவில்லை, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, மூன்றாம் படியில் முழங்கால் மடிந்து, நாலு காலில் ஏறினான். முகம் சிவந்து வியர்வை கொட்டியது. வாயைத் திறந்து மூடினான், பேச்சு வரவில்லை. பின்னால் கையைக் காட்டினான்.

பின்னால் யாரும் வரவில்லை.

"மாப்ள" என்றாள் வாக்கி டாக்கியில். "மாப்ள, கேக்குதா?" பெல்ட் நின்றிருந்ததால் அவள் குரல் அந்தக் கருவி வழியே சுரங்கத்தின் கடைசியில் ஒலித்து, அவள் காதுக்கே மெல்லத் திரும்பி வந்தது. வேறு பதில் இல்லை.

பலகையில் ஒரு வில்லை தொங்கியது.

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு படியை நோக்கிப் பாய்ந்தார். அவள் குறுக்கே நின்று அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஐந்து வருடத்தில் அவரை அவள் தொட்டதில்லை.

"விடும்மா, பையன் செத்துருவான்."

"நீங்க போனா ரெண்டு பேரும் சாவீங்க. மூச்சு அடக்கி எவ்ளோ தூரம் போவீங்க? அவனைத் தூக்கிட்டு எப்படி வருவீங்க?"

"அவன் உன் மருமகன்ம்மா."

"தெரியும் சார். மேல போன் பண்ணுங்க. மாஸ்க் போட்டவங்க ரெண்டு பேர் வேணும். கார்பன் லீக்குன்னு சொல்லுங்க, அந்த வார்த்தையச் சொன்னாத்தான் ஓடி வருவாங்க."

அவர் போன் செய்தார். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரச் சுற்றுப்பாதை. ஏழு எட்டு நிமிடம் என்றார்கள்.

அவள் அந்த நிமிடங்களைச் சும்மா விடவில்லை. சில்லுத் தூசி ஊத வைத்திருந்த பெரிய காற்றூதியை இழுத்து வரச் சொன்னாள். அதன் துணிக்குழாயைப் படி வழியே எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் உருட்டிவிட்டார்கள். காற்றூதி உறுமியது. கீழே கிடக்கும் வாயுவைக் கலைத்து, வெளிக்காற்றைக் கொஞ்சமாவது அவன் பக்கம் தள்ளும். சத்தம் கேட்டு ஓடிவந்த நாலு பேரில் ஒருவன், கூடவே வேலை செய்கிறவன், படியில் கால் வைத்தான். அவனைத் தள்ளிவிட்டாள். இன்னொருவன் அவளைத் திட்டினான். "கல்லு நெஞ்சுக்காரி. சொந்த மருமகன உள்ள போட்டுட்டு நிக்கறா பாரு."

அவள் படியின் இரண்டு பக்கக் கைப்பிடியையும் இரண்டு கையால் பிடித்து வாசலை அடைத்து நின்றாள். எதிரிலிருந்தவர்களைத் தடுக்க மட்டுமில்லை; கையை எடுத்தால் தன் கால் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பதினான்கு படியும் அவளை இழுத்தன. எல்லா ஊரிலும் குழிகளில் ஒருவன் விழுந்து, அவனை எடுக்கப் போன இரண்டு பேர், அவர்களை எடுக்கப் போன மூன்றாமவன் என்றுதான் சாகிறார்கள். அதைத் தியாகம் என்று எழுதி மாலை போடுகிறார்கள். மாஸ்க் வாங்கித் தராதவன்தான் மாலையும் வாங்கி வருகிறான்.

ஒன்பது நிமிடம் ஆயிற்று. மாஸ்க்கும் முதுகில் காற்றுச் சிலிண்டருமாக இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் நெஞ்சிலிருந்த மீட்டர்கள் இரண்டாம் படியிலேயே அலறத் தொடங்கின. தூக்கிக்கொண்டு வரும்போது மருமகனின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. மூச்சு இருந்தது.

பலகையிலிருந்து வில்லையைக் கழற்றினாள். கொடுக்க வேண்டியவன் கையை நீட்டும் நிலையில் இல்லை. தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மருத்துவமனை வராந்தாவில் மகள் ஒரு கேள்விதான் கேட்டாள். நெட்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான், நல்லதாகத்தான் சொல்லியிருந்தான். மகள் அவனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒம்போது நிமிஷம் நீ அங்க நின்னியா?"

"நின்னேன்."

அதன்பின் மகள் பேசவில்லை. மூன்றாம் நாள் மருமகன் கண் விழித்து, மனைவியின் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டபோதும் அம்மாவிடம் வந்து சொன்னது நர்ஸ்தான்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அறிக்கையை எழுதியே கொண்டு வந்திருந்தார்கள். அனுமதி நிபந்தனைகள் அனைத்தும் பின்பற்றப்பட்டன. ஆக்சிஜன் அளவு வரம்புக்கு மேல் இருந்தது. தொழிலாளர் காலை உணவு உண்ணாமல் பணிக்கு வந்ததால் மயக்கம் ஏற்பட்டிருக்கலாம்.

"உங்க மேல தப்பில்லன்னுதான்ம்மா எழுதிருக்கோம்" என்றார் தலைமை அதிகாரி. "கையெழுத்துப் போட்டுடுங்க."

"அவன் சாப்ட்டுட்டுத்தான் வந்தான் சார். என் பொண்ணு குடுத்து அனுப்பிருக்கா. அப்புறம், நிபந்தனை எல்லாம் பின்பற்றினோம்ங்கறது நிஜம். பின்பற்றித்தான் அவன் விழுந்தான். அதையும் எழுதுங்க."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் பேனாவை வாங்கி, அறிக்கையின் ஓரத்தில் தொப்பிக் கணக்கைப் போட்டுக் காட்டினாள். மணி அடிக்கும் எண்ணுக்கு நேராக ஏழு என்று எழுதி வட்டம் போட்டாள். மூவரில் இளையவர் தன் போனில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, ஆறே முக்கால் என்றார். "சரி, ஆறே முக்கால்ல சாவான்" என்றாள் அவள்.

கடைசியில் கீழே தன் கையால் எழுதினாள். வால்வில் வெள்ளை பூத்திருந்ததைக் காலையில் பார்த்தேன், சொல்லவில்லை. எண் குறைந்திருப்பதைப் பார்த்தேன், கேட்டேன், பதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். இந்த இரண்டும் என் தவறு. மேட்டுக்கு ஒரு மாதிரி மீட்டர், பள்ளத்துக்கு வேறு மாதிரி மீட்டர் என்று வைத்தது என் தவறு இல்லை.

எரிபொருள் பிரிவில் ஒரு கிழவர், "அந்தக் குழி ஆள் கேக்குதும்மா" என்றார். "குழிக்கு வாய் கிடையாது பெரியவரே. வால்வுக்கு வாஷர் போச்சு, அவ்வளவுதான்" என்றாள். கரியமில வாயு மீட்டர் வரும்வரை அனுமதி அட்டையில் எழுத மாட்டேன் என்று உட்கார்ந்தாள். நெட்டையும் மற்றவர்களும், அன்று அவளைத் திட்டியவன் உட்பட, இறங்க மறுத்தார்கள். பாய்லர் இரண்டு முறை நின்றது. பதினேழு நாளில் ஒன்பது மீட்டர் வந்தது. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கூடவே வந்தது, மேற்பார்வையாளரின் சட்டையைப் பிடித்ததற்காக.

ஆறாவது வாரம் மருமகன் வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியிருந்தான். பேச்சில் பழைய வேகம் இல்லை. ஒரு சொல்லைத் தேடிக் கொஞ்சம் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் அம்மா தட்டில் சோற்றை வைத்தாள், வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல்.

"அத்தை" என்றான் அவன். "நீங்க உள்ள வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நடுவுல எங்கயாவது விழுந்திருப்பேன். மாஸ்க்காரங்க மொதல்ல என்னைத் தூக்கிருப்பாங்க. நீ இன்னும் அஞ்சு நிமிஷம் கிடந்திருப்ப."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். மகள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"எனக்கும் தெரியும்" என்றாள், அம்மாவைப் பார்த்து. "நெட்டை அண்ணன் சொன்ன அன்னிக்கே தெரியும். தெரிஞ்சா கோவம் போயிடுமா?"

"போகாது."

"நீ ஒரு படியாவது இறங்கிருக்கலாம்னு தோணுது. இறங்கிருந்தா உன்னையும் வாரிக் குடுத்துருப்பேன்னும் தோணுது. ரெண்டும் ஒண்ணாத்தான் தோணுது."

"தோணட்டும்" என்றாள் வாசலக்கா. "எனக்கும் அப்படித்தான் தோணுது."

மகள் குழம்புச் சட்டியை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"வெறும் சோத்தையா சாப்பிடுவ? ஊத்திக்கோ."